ஜிம்னாஸ்டிக் வகுப்பு நடக்கும்போது பெற்றோர் எங்கே இருப்பது?

திருகோணமலையில் பிள்ளையை ஜிம்னாஸ்டிக் பழக அனுப்பும் பெற்றோர் மத்தியில் கொஞ்ச நாளாக ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரமும் நாங்கள் எங்கே இருப்பது? பிள்ளையை இறக்கிவிட்டுப் போய் முடிகிற நேரத்துக்கு வந்தால் போதுமா, உள்ளே கதிரை போட்டு உட்கார வேண்டுமா, மண்டபத்தில் கமரா பூட்டச் சொல்லலாமா, அல்லது முறைவைத்து இருவர் இருவராக இருந்தால் சரியா? எங்கள் வகுப்பிலும் இதே பேச்சுத்தான். பழக்கும் மாஸ்டருக்கு முதலாவது விருப்பம். அம்மாமாரில் பாதிப்பேர் இரண்டாவது. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் அப்பாமார் மூன்றாவதைக் கேட்கிறார்கள். நான் நாலாவது பக்கம். ஆனால் மற்ற மூன்றையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை என்று ஒருவர் கேட்டார். கிரிக்கெட் பழக்குபவர் தூரத்தில் நிற்கிறார். நீச்சலிலும் கரையில் நின்று விசில் ஊதலாம். ஜிம்னாஸ்டிக்கில் பழக்குபவரின் கை பிள்ளையின் இடுப்பில், முதுகில், தொடையில் இருந்தே ஆக வேண்டும். பின்பக்கம் வளைந்து கையை ஊன்றப் பழகும் பிள்ளையைத் தாங்காமல் விட்டால் கழுத்து அடிபட விழும். ஆகவே ‘தொடவே கூடாது’ என்று விதி போட முடியாது. தொடுவது அவசியம், உடுப்பு உடம்போடு ஒட்டியது, தொடங்கும் வயது ஆறு ஏழு, வலி அன்றாடம். இந்த நான்கும் ஒன்றாகச் சேரும் இடத்தில், கெட்ட எண்ணமுள்ள ஒருவருக்கு மறைவிடம் தேடும் வேலை மிச்சம். கெட்ட எண்ணமே இல்லாத, அவசரக்காரரான ஒருவரும் பிள்ளையைக் கெடுத்துவிடலாம்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி இறங்கியபோது, ஒலிம்பிக் போன முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவர். அந்தக் காணொளியைப் போனில் பார்த்துவிட்டு ‘நானும்’ என்று அடம்பிடித்த பிள்ளைகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆசை நல்லதுதான். அந்த ஆசையோடு பிள்ளையை யாருடைய கையில், எந்த ஏற்பாட்டில் ஒப்படைக்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியது நாங்கள்.

இறக்கிவிட்டுப் போவது

மாஸ்டர் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஏழு வயதுப் பிள்ளை அம்மாவைக் கண்டால் அழும், காணாவிட்டால் விழுந்த இடத்திலேயே எழும்பி நிற்கும். அம்மாமார் இருந்தால் குறுக்கே பேசுவார்கள். எங்களில் பலருக்கு வேறு வழியும் இல்லை. வைத்தியசாலையிலோ வங்கியிலோ கச்சேரியிலோ வேலை செய்யும் தாய் நாலு மணிக்கு வர முடியாது. அம்மம்மா ஓட்டோவில் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். வேலைக்குப் போகும் தாயைக் குற்றவாளியாக்கும் எந்த ஏற்பாடும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ‘விட்டுவிட்டுப் போகலாம்’ என்பதும் ‘உள்ளே வரக் கூடாது’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது எங்கள் வசதி. இரண்டாவது பழக்குபவரின் விதி. அந்த விதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்சி முகாம் டெக்சஸ் மாநிலத்தில் காட்டுப்புறத்தில் இருந்த கரோலி பண்ணையில் பல வருடங்களாக நடந்தது. பெற்றோர் அங்கே தங்க முடியாது. வீட்டுக்குப் பேச போன் சமிக்ஞைகூட ஒழுங்காக இல்லை. பதக்கங்கள் வந்தன, யாரும் கேள்வி கேட்கவில்லை. அதே அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திவந்தது 2016 செப்டெம்பரில் ஒரு பத்திரிகை மூலம் வெளியே வந்தது. 2018 ஜனவரியில் ஒரு நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அந்த விசாரணையில் 150க்கு மேற்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் வாசிக்கப்பட்டன. அந்த மாதமே பண்ணை முகாமும் மூடப்பட்டது.

இந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பேச்சுகளில் வராத பகுதி ஒன்றிருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அந்த முகாமில் நாசர் கொடூரமானவராகத் தெரியவில்லை. பழக்குபவர்கள் கடுமையானவர்கள். உடல் எடை பற்றி ஏசுவார்கள், காயத்தோடும் பழகச் சொல்வார்கள். அந்த இடத்தில் சிரித்துப் பேசி, பிள்ளைகளுக்குக் களவாக இனிப்பும் சாப்பாடும் கொடுத்தவர் நாசர். பசியோடும் பயத்தோடும் இருக்கும் பிள்ளை, தன்னோடு அன்பாகப் பேசும் ஒரே பெரியவரை நம்பும். அவர் செய்வது பிழை என்று மனதுக்குப் பட்டாலும் வாய் திறக்காது. ஆகவே ‘ஏசுவது வேறு, கெட்ட நோக்கத்தோடு தொடுவது வேறு, முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிள்ளை வாய் திறக்கப் பயப்படும் வகுப்பில்தான் கெட்ட நோக்கத்தோடு தொடுபவன் துணிகிறான்.

பாலியல் வன்முறையோடு மட்டும் இது நிற்பதும் இல்லை. பிரித்தானியாவில் ஜிம்னாஸ்டிக் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி ஆன் வைட் என்ற சட்டத்தரணி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022 ஜூனில் வந்தது. 400க்கு மேற்பட்ட முறைப்பாடுகளும் கருத்துகளும் அதற்குக் கிடைத்தன. அவற்றில் பாதிக்கு மேல் மனரீதியான துன்புறுத்தலையும், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உடல்ரீதியான துன்புறுத்தலையும் பற்றியவை. தண்ணீர் குடிக்கவும் மலசலகூடம் போகவும் விடாதது, காயத்தோடு பழகவைத்தது, அழ அழக் காலை விரித்து அமுக்கியது, தராசில் ஏற்றி அவமானப்படுத்தியது என்று நீளும் பட்டியல் அது. அடுத்த வருடமே அந்த நாட்டின் ஜிம்னாஸ்டிக் சங்கம், பழக்குபவர்கள் பிள்ளைகளின் எடையை நிறுப்பதைத் தடைசெய்தது. இவற்றில் எதையும் செய்ய ஒரு இருட்டறை தேவையில்லை. பெற்றோர் வராத ஒரு மண்டபம் போதும்.

எங்கள் ஊருக்கு என்று ஒரு சிறு சோதனை சொல்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட வாடகை மண்டபத்துக்குள் நின்றால் வெக்கை ஆளைக் கொல்லும். அதற்குள் கதவையும் யன்னலையும் பூட்டிக்கொண்டு வகுப்பு நடக்கிறதென்றால் காரணம் காற்றாக இருக்க முடியாது. மார்கழி மழைக்கு ஒரு பக்கக் கதவைச் சாத்துவது வேறு கதை. அதேபோல, பிள்ளை கேட்காமலே எழும்பிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறதா என்று பாருங்கள். எடுக்கப் பயந்து பழக்குபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அந்த வகுப்பைப் பற்றி அதற்கு மேல் அதிகம் விசாரிக்கத் தேவையில்லை.

உள்ளேயே உட்கார்ந்திருப்பது

கிண்ணியாவிலிருந்து வரும் பெற்றோருக்கு இது தெரிவே இல்லை. பாலம் தாண்டி வந்து, திரும்பிப் போய், மறுபடி வரமுடியாது. ஆகவே உட்கார்ந்திருக்கிறார்கள். நிலாவெளிப் பக்கத்து ஆட்களும் அப்படித்தான். அவர்களைப் பார்த்துக் கிட்டவே உள்ள உப்புவெளியிலும் பாலையூற்றிலும் இருக்கிறவர்களும் உட்காரத் தொடங்கினால், மண்டபத்தின் ஒரு பக்கம் பதினைந்து இருபது கதிரை.

பார்க்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஒருநாள் கண்ட காட்சியைச் சொல்கிறேன். தச்சரிடம் சொல்லிச் செய்வித்த பீம், அதாவது மேலே நின்று சமநிலை பழகும் ஒடுங்கிய மரக்கட்டை, முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் மேல் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு கையையும் விரித்து, ஒரு காலைப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பார்வை பீமின் முடிவில். உதடு மெல்ல எண்ணுகிறது. கதிரையிலிருந்து தாயின் குரல்: “முழங்காலை மடக்காதைங்கோ, நேர நேர!” பிள்ளை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. நின்ற கால் வழுக்கியது. விழும்போது கையை நேரே ஊன்றியதால் மணிக்கட்டு உடம்புக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது. மாஸ்டர் மறுமுனையிலிருந்து ஓடிவந்தார். என்பு முறியவில்லை, வீக்கம் மட்டும். தாய் கேட்ட முதல் கேள்வி: “நீங்கள் பாத்துக்கொண்டிருக்கேல்லையோ சேர்?”

அந்தத் தாயில் எனக்குக் கோபமில்லை. இரண்டு மணி நேரம் கதிரையில் இருந்தால் யாரும் இரண்டாவது பழக்குபவராகிவிடுவார்கள். பக்கத்துக் கதிரைக்காரியின் பிள்ளை இரண்டு காலையும் நேராக விரித்துத் தரையில் இருக்கும் ஸ்பிலிட் இறங்கிவிட்டது, எங்கள் பிள்ளை இன்னும் ஒரு சாண் மேலே நிற்கிறது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதே பேச்சு. வீட்டில் சோபாவில் காலை வைத்து அமுக்கிப் பார்ப்பதும் நடக்கிறது. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்ற பழமொழியை இந்த விளையாட்டில் எல்லோரும் எழுத்துக்கு எழுத்து நம்புகிறார்கள். வளரும் பிள்ளையின் என்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு முதிர்ந்த என்பைவிட மென்மையானது. ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு நோவதும், திரும்பத் திரும்பப் பின்பக்கம் வளைவதால் முதுகு நோவதும் வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. 1976 ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனெச்சி 14 வயதில் பத்துக்குப் பத்து எடுத்த காலம் போய்விட்டது. 1997 முதல் பெண்கள் சர்வதேசப் பெரியோர் போட்டிக்கு இறங்க அந்த வருடத்தில் 16 வயது நிரம்ப வேண்டும். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு 46 வயது. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். பழமொழிக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

உட்கார்ந்திருப்பதால் கண்காணிப்பாவது கிடைக்கிறதா? நாசரைப் பற்றி முதன்முதலில் பெயர் சொல்லி வெளியே பேசிய ரேச்சல் டென்ஹொலண்டர் தனக்கு நடந்ததை விவரித்திருக்கிறார். 2000ஆம் ஆண்டு, அவருக்கு 15 வயது. சிகிச்சை அறையில் அவருடைய தாயும் இருந்தார். தாய்க்குத் தெரியாதபடி நாசர் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். தாய் அறைக்குள்ளேயே இருக்கிறாரே, அப்படியென்றால் இது முறையான சிகிச்சைதான் என்று பிள்ளை நினைத்தது. பெற்றோர் அறைக்குள் இருந்தது பிள்ளையின் சந்தேகத்தை அடக்கிவிட்டது. இதே நிலை வேறு பல பிள்ளைகளுக்கும் நேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு முகம். மாஸ்டரிடம் பிள்ளையைக் கொடுக்கும்போதே, “கண் ரெண்டையும் விட்டிட்டு அடியுங்கோ சேர்” என்று சிரித்துக்கொண்டு சொல்லும் வழக்கம். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு அழ அழக் காலை அமுக்கும்போது, கதிரையில் இருக்கும் அதே அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், இது நடக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து சொல்லிக் கொடுத்ததாகிறது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் சொல்கிறது. தனியார் வகுப்பை அந்தச் சுற்றுநிருபம் கட்டுப்படுத்தாது. ஆனால் சிறுவர் கொடுமையைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவை மண்டபத்துக்கும் வீட்டுக்கும் பொருந்தும்.

கமரா

இதில் அதிகம் சொல்ல இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தகப்பனுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆசை, அது விளங்குகிறது. ஆனால் உடம்போடு ஒட்டிய உடுப்பில் காலை விரித்துப் பழகும் பிள்ளைகளின் காணொளி யாருடைய போனில், எத்தனை நாளைக்கு இருக்கும்? கடவுச்சொல் யாரிடம்? உங்கள் பிள்ளையைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே சட்டகத்துக்குள் நிற்கும் மற்றப் பதினான்கு பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையை யார் தந்தது? அதோடு கமரா மண்டபத்தின் நடுவைத்தான் காட்டும். உடுப்பு மாற்றும் அறைக்குள் அதை வைக்கவே கூடாது. வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதும், இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் ‘சாப்பிட்டாச்சா?’வும் அதில் விழாது. வகுப்பின் பெயரில் பேஸ்புக்கில் பிள்ளைகளின் படத்தைப் போட்டு ஆள்சேர்ப்பதையும் இந்தச் சாக்கில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

திறந்த கதவும் இருவர் முறையும்

இனி என் பக்கம். அமெரிக்காவில் நாசர் விவகாரத்துக்குப் பிறகு வந்த விளையாட்டுப் பாதுகாப்பு விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே பழகும் எந்தச் சந்தர்ப்பமும் மற்றொருவர் பார்க்கக்கூடியதாகவும், இடையில் புகுந்து நிறுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. யாராவது எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த நிமிடமும் யாரும் வரலாம் என்ற நிலை இருந்தால் போதும் என்கிறது. முழுநேரக் கதிரைக்கும் பூட்டிய கதவுக்கும் நடுவில் இருக்கும் இடம் இதுதான்.

நடைமுறையில் இப்படி வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பெற்றோர், உறவுக்காரர் அல்லாத இருவர், முறைப்படி. கதிரை வாசலடியில், பீமிலிருந்து தூரத்தில். பிள்ளைகளோடு பேச்சில்லை, காலை நீட்டு கையை நீட்டு என்ற ஆலோசனை இல்லை, போனில் படம் எடுப்பதில்லை. அவர்களின் வேலை மூன்று விடயத்தைக் கவனிப்பது: யார் உள்ளே வருகிறார்கள், எந்தப் பிள்ளை மண்டபத்தை விட்டு யாரோடு வெளியே போகிறது, அழும் பிள்ளையை யார் எப்படிக் கையாளுகிறார்கள். மற்றப் பெற்றோர் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரமும் வந்து எட்டிப் பார்க்கலாம். அதற்கு மாஸ்டரின் அனுமதி தேவையில்லை.

மாஸ்டருக்கும் இது நல்லதுதான், அதை அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். தாங்கிப் பிடிக்கும்போது கை எங்கே போகும், ஏன் போகும் என்று வருடத் தொடக்கத்தில் பெற்றோர் எல்லோரையும் வைத்து ஒரு பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ கொண்டு செய்து காட்டினால், பிறகு வீண் சந்தேகம் வராது. நேர்மையான பழக்குபவர் ஒருவருக்கு இரண்டு சாட்சிகள் இருப்பது பாதுகாப்பு. ‘என்னை நம்பேல்லையோ’ என்று கேட்டால், நம்புகிறோம், எங்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் நம்பாமல்தான் உறவுக்காரர் அல்லாத இருவரைப் போடுகிறோம் என்று சொல்லலாம். கொஞ்சம் நகைச்சுவையாகவே சொல்லிவிடுங்கள், விடயம் போய்ச் சேரும்.

பெண் பழக்குபவர் இருந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை என்பது எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம், முக்கியமாக முஸ்லிம் குடும்பங்களில். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஒருவர் இருப்பது நல்லதுதான். ஆனால் தண்ணீர் குடிக்கவிடாமல் வைத்தது, ஏசியது, அமுக்கியது என்று வெளிநாடுகளில் முறைப்பாடு வந்தவர்களில் பெண்களும் தாராளம். 1997இல் நாசரைப் பற்றி ஒரு பிள்ளை முறையிட்ட மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பழக்குபவரும் ஒரு பெண்தான். அந்த முறைப்பாடு மேலே போகவில்லை. நாசர் பிடிபட அதன் பிறகு 19 வருடம் எடுத்தது. ஆகவே பெண் பழக்குபவர் இருந்தாலும் வாசலடிக் கதிரை இரண்டும் வேண்டும்.

பழக்குபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் இன்னொரு விடயம். எங்கள் பிள்ளைகள் ‘நோகுது’, ‘வேண்டாம்’, ‘நிப்பாட்டுங்கோ’ என்ற மூன்றையும் அவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களத்தில் ‘வேண்டாம்’ என்று பொருள்படும் ‘எப்பா’வைச் சொன்னால் கையை எடுத்துவிட வேண்டும், பிறகுதான் காரணம் கேட்க வேண்டும் என்பதை அவருடைய முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இது எந்த மொழிப் பழக்குபவருக்கும் பொருந்தும்.

முறைவைக்கும் ஏற்பாட்டின் பலவீனமும் எனக்குத் தெரியும். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, ரியூசன் நேரம் மாறும்போது, ஒருவர் வராமல் விடுவார், பிறகு இருவரும். அப்படியான நாளில் வகுப்பு வழமைபோல நடக்கலாம். கதவு திறந்திருந்தால், வருகிறவர் வரலாம் என்றிருந்தால், ஒருநாள் கதிரை வெறுமையாக இருப்பதால் எல்லாம் பாழாகாது. முழுநேரக் காவலை நம்பிய ஏற்பாடுதான் ஒருநாள் காவல் இல்லாமல் போனால் உடையும்.

மண்டபத்துக்கு வெளியே

நாலு வழியும் எட்டாத இடம் இது. வலய மட்டப் போட்டி ஊருக்குள்ளேயே முடியும். மாகாண மட்டம் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நடக்கும். அகில இலங்கை மட்டம் என்றால் கொழும்போ கண்டியோ, இரவுப் பயணம், பாடசாலை மண்டபத்திலோ விடுதியிலோ தங்கல். இறக்கிவிட்டுப் போகும் தாயும் உள்ளேயே உட்காரும் தாயும் இந்த இடத்தில் ஒரே ஆள்தான், இருவரும் வீட்டில். ஆகவே பயணத்துக்குத் தாய்மாரில் ஒருவராவது கூடவே போக வேண்டும், செலவை எல்லோரும் பங்கிட வேண்டும். பெரியவர் எவரும் பிள்ளைகளின் அறையில் தங்கக் கூடாது. காயம் பட்டால் தடவிவிடுவது, நீவிவிடுவது எல்லாம் எல்லோர் முன்னாலும், உடுப்போடு. பெரிய காயம் என்றால் வைத்தியசாலை. மறுபடி எப்போது பழகலாம் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும், போட்டித் திகதி சொல்லக் கூடாது.

போன் விடயத்தில் ஒரே விதி போதும். பழக்குபவர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதில்லை, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். பிள்ளையின் திறமையை மெச்சித் தனியாகப் பரிசு கொடுப்பதும் இதில் அடங்கும். அம்மாவுக்குச் சொல்லாதே என்று ஆரம்பிக்கும் எதுவும், அது ஒரு சொக்லேட்டாக இருந்தாலும், அன்றைக்கே எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் என்ன கேட்கிறோம் என்பது கதிரையில் இருப்பதைவிடப் பெரிய ஈடுபாடு என்று நான் நினைக்கிறேன். ‘இண்டைக்கு என்ன பழகினீங்கள்?’ என்றால் ஒரு வரிப் பதில்தான் வரும். ‘இண்டைக்கு ஆரும் அழுதவையோ? ஏன் அழுதவை?’ என்று கேட்டுப் பாருங்கள். தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை மற்றப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும். அமெரிக்க அணியில் மேகி நிக்கல்ஸின் விடயம் 2015இல் வெளியே வந்ததும் அப்படித்தான். அவர் இன்னொரு வீராங்கனையோடு பேசிக்கொண்டிருந்ததை அவருடைய பழக்குபவர் தற்செயலாகக் கேட்டார், கேட்டவர் சும்மா இருக்கவில்லை, தாய்க்குச் சொன்னார்.

பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால்? ‘வெளியில தெரிஞ்சா பிள்ளைக்குத்தான் கெட்ட பேர்’ என்ற பேச்சு அந்த நிமிடமே வீட்டில் எழும். மாஸ்டரையோ மண்டபக்காரரையோ கூப்பிட்டு உள்ளுக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகலாம், பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பணியகத்துக்கும் போகலாம். ஓரிடத்தில் அசையாவிட்டால் மறு இடம். நாசரைப் பற்றி 2015 ஜூலையிலேயே அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ.க்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் அசட்டையாக இருந்ததை 2021இல் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் கண்காணிப்பாளர் அறிக்கையே சொன்னது. இடையில் ஒரு வருடத்துக்கு மேல் நாசர் தொடர்ந்து பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்.

‘பெரியபிள்ளை ஆனதும் நிறுத்திவிடுவோம்’ என்பவர்களுக்கும் ஒரு சொல். அதுவும் ஒரு தெரிவுதான், எங்கள் ஊரில் பலர் எடுப்பதும் அதுதான். பிள்ளையின் விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டு பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. உடுப்புப் பிரச்சினை என்றால் முழுக்கால் மூடிய உடுப்பு இருக்கிறது, சர்வதேசப் போட்டிகளிலேயே அதை அணியலாம். 2021இல் ஜேர்மனியப் பெண்கள் ஒலிம்பிக்கில் அதைத்தான் அணிந்து இறங்கினார்கள்.

எங்கள் வகுப்பில் இன்னும் முடியாத ஒரு வாதம் உண்டு. அப்பாமாரை முறைக்குள் சேர்ப்பதா? பெண் பிள்ளைகள் பழகும் இடத்தில் அறிமுகமில்லாத ஆண் உட்காருவது சரியில்லை என்கிறார்கள் சிலர். அம்மாமாரே எல்லா வேலையும் செய்ய வேண்டுமா என்கிறார்கள் மற்றவர்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், அப்பாவின் கதிரை வாசலுக்கு வெளியே படியடியில் இருக்கலாம் என்று நான் சொன்னேன். பிள்ளை யாரோடு வெளியே போகிறது என்பதை அங்கிருந்தும் பார்க்கலாம். கிண்ணியாப் பெற்றோர் சனிக்கிழமை முறையைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், எப்படியும் இருக்கிறவர்கள்தானே. செவ்வாய்க்கிழமைக்குத்தான் இன்னும் ஒரு ஆள் குறைகிறது.